ஊர்ப் பெயருக்குள்ளே ஒளிந்திருக்கிறது!

சென்ற மழைக் காலத்தில் ஒரு நாள் அரியலூர் ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிட்டது. எனக்குப் பஸ்ஸில் நெடுந்தூரப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை. பெரம்பலூருக்கோ ரயில் கிடையாது. ஆகையால் சென்னையிலிருந்து ரயிலில் வந்து அரியலூரில் இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோ மீட்டர் பஸ்ஸில் போவது என் வழக்கம். என் அக்கா மகள் குடை சகிதமாக வந்து காத்திருந்தாள். ஆனால் அன்று பெய்த மழை குடைக்கு அடங்குகிற மழையாக இல்லை.

அவளோடு அவள் பெண்ணும் வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறது. வழக்கமாக என்னைக் கண்டதும் ஓடி வந்து பையைப் பிடுங்கிப் பார்க்கிற குழந்தை, அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் டிக்டேஷன்ல இருபதுக்கு ஏழு வாங்கியிருக்கா, சித்தி. நல்லா நாலு வார்த்தை திட்டினேன். திட்டறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? உட்காந்து சொல்லிக் குடுக்கிறதுக்கு எனக்கு இங்கிலீஷ் வருமா? நான் எட்டாவதோட நின்னவதானே" என்றாள் அவள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. திட்டு வாங்கிய குழந்தையைவிடத் திட்டிய தாய்தான் அதிகமாக வருந்துகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

எதிரே மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் மூன்று லிபிகளில் பெரிதாக எழுதியிருந்தது. "கண்ணு, அந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார். அதில் இருக்கிற எழுத்துக்களை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஒரு சொல் பண்ண முடியுமா? ஒரு எழுத்து எத்தனை தடவை இருக்கிறதோ அத்தனை தடவைக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு கடலை உருண்டை" என்றேன்.

ஏ, ஆர், ஐ, ஒய், ஏ, எல், யு, ஆர். மொத்தம் எட்டு எழுத்து. குழந்தை ஓரக் கண்ணால் பலகையைப் பார்த்தது. கடலை உருண்டையையும் பார்த்தது. ஒரு நிமிஷம் கழித்து, "ரெயில்!" என்றது. ஆர், ஏ, ஐ, எல். சரியாக இருந்தது. ரயில் நிலையத்துப் பலகைக்குள்ளேயே ரயில்!

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். பெரம்பலூர் என்பதை இங்கிலீஷில் எழுதினால் பத்து எழுத்து வருகிறது. அந்தப் பத்தில் 'ஐ' என்கிற எழுத்து இல்லை. ஆகவே அந்தப் பெயரிலிருந்து 'ரெயில்' என்ற சொல்லை உண்டாக்கவே முடியாது. ஊரிலும் ரயில் இல்லை, பெயரிலும் ரயில் இல்லை!

அரியலூர் ரயில் என்றால் பெரியவர்களுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 1956 நவம்பர் 23-ல் வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குத் தாமே பொறுப்பென்று சொல்லி, ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தார். நாலெழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவு சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

குழந்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'லயர்', பொய்யன். 'ஏரி', காற்றோட்டமானது. 'ரூரல்', கிராமத்தைச் சேர்ந்தது. இது அவள் பள்ளிக்குப் போகும் வழியில் ஏதோ ஓர் அலுவலகப் பலகையில் பார்த்த சொல்லாம். நான் உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, இதுவரை பேசாமல் இருந்த தாயார் மெல்ல, "சித்தி, ரியால் இருக்கே!" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஆமாம்! ஆர், ஐ, ஒய், ஏ, எல். எழுத்துக்களை இடம் மாற்றக்கூட வேண்டியதில்லை. முதல் எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் விரலால் மறைத்தால் போதும். ஊர்ப் பெயரின் வயிற்றுக்குள் ரியால் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

"உனக்கு இங்கிலீஷ் தெரியாது என்றாயே?" என்றேன்.

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அவள் புருஷன் ஏழு வருஷமாக சவூதியில் வேலை பார்க்கிறான். முதல் தடவை விடுமுறையில் வந்தபோது ஒரு ரியால் நோட்டு ஒன்றைக் கொடுத்தானாம். அதைச் செலவழிக்கவும் முடியாது, செலவழிக்க மனசும் வராது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் படத்தைத் துடைக்கும்போது நோட்டும் கையில் வரும். ஏழு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அந்த ஐந்து எழுத்தும் மனசில் பதிந்துவிட்டது. இங்கிலீஷ் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தெரியாமலேயே இங்கிலீஷ் வந்து குடியேறியிருக்கிறது!

மழை நின்றது. நாங்கள் பஸ் ஏறினோம். ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. பெரம்பலூரில் நான் தங்கியிருந்த நாலு நாளும் அந்த வீட்டில் இதே பேச்சுத்தான்.

சகோதரிகளே, இந்த விளையாட்டுக்கு வேண்டியது ஒரு காகிதம், ஒரு பென்ஸில். வெறும் குருட்டாம்போக்கில் தேடாமல் சில உபாயங்களைக் கையாண்டால் சொற்கள் தாமாக வந்து விழும். பெரம்பலூரை வைத்தே சொல்கிறேன். பி, இ, ஆர், ஏ, எம், பி, ஏ, எல், யு, ஆர். இதில் முதலில் வருகிற 'பி' வேறு, நடுவில் வருகிற 'பி' வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகி விடுகின்றன. அதனால் முதலாவதைப் 'பென்ஸில் பி' என்றும், இரண்டாவதை 'பஸ் பி' என்றும் அந்தக் குழந்தையே பெயர் வைத்துவிட்டாள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

முதல் உபாயம்: எழுத்துக்களை வரிசையாக எழுதாதீர்கள். வட்டமாக எழுதுங்கள். வரிசையாக எழுதினால் கண் பழைய பெயரையே படித்துக்கொண்டிருக்கும். வட்டமாக எழுதினால் தலையும் வாலும் இல்லாமல் போய், புதிய சொல் கண்ணில் படும்.

இரண்டாவது: உயிரெழுத்துக்களை எண்ணிக்கொள்ளுங்கள். பெரம்பலூரில் இரண்டு 'ஏ', ஒரு 'இ', ஒரு 'யு'. இங்கிலீஷில் மற்ற எந்த எழுத்தையும்விட அதிகமாக வருவது 'இ'தான். அது அரியலூரில் இல்லை. அதனால்தான் அரியலூரில் சொற்கள் கொஞ்சமாகவும் பெரம்பலூரில் ஏராளமாகவும் கிடைக்கின்றன.

மூன்றாவது: இணைபிரியாத ஜோடிகளைத் தேடுங்கள். 'எம்'மும் பென்ஸில் 'பி'யும் சேர்ந்து கடைசியில் வந்தால் 'லாம்ப்', விளக்கு. 'எம்'மும் பஸ் 'பி'யும் சேர்ந்தால் 'லாம்', ஆட்டுக்குட்டி. பஸ் 'பி', 'எல்', 'இ' மூன்றும் கடைசியில் வந்தால் 'மார்பிள்', 'ராம்பிள்', 'பாரபிள்' என்று வரிசையாக வரும். சலவைக்கல், நோக்கமில்லாமல் உலாவுதல், நீதிக்கதை.

நான்காவது: கிடைத்த சொல்லைக் கலைத்துப் பாருங்கள். 'மார்பிள்', 'ராம்பிள்' இரண்டுக்கும் அதே ஆறு எழுத்துக்கள்தான். கைபேசியில் எழுத்துக்களைக் கொடுத்தால் இமைப்பொழுதில் சொற்களைக் கொட்டுகிறதே, அதன் ரகசியமும் இதுதான். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் ஏ, பி, சி வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டால், ஒரே எழுத்துக்களால் ஆன சொற்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். நம் அஞ்சறைப் பெட்டியில் கடுகு ஓர் அறை, சீரகம் ஓர் அறை என்று பிரித்து வைத்திருப்பது மாதிரி. கேட்டதும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் கைபேசியைக் கேட்டுச் சொல் கண்டுபிடிப்பது, கடையில் முறுக்கு வாங்கி வந்து நானே சுட்டேன் என்று சொல்லிக்கொள்வது போலத்தான்!

இப்படித் தேடியதில் கிடைத்த சில சொற்கள் அந்த ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை போல இருந்தன. 'பர்லாப்' என்று ஒரு சொல். முரட்டுச் சாக்குத் துணி என்று பொருள். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் மூட்டை மூட்டையாகப் புறப்படுகிற ஊர்ப் பெயருக்குள் சாக்கு இருப்பது எவ்வளவு பொருத்தம்! 'ஆம்பர்' என்று இன்னொரு சொல். மரத்துப் பிசின் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகிப் போனால் அதற்கு அந்தப் பெயர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பிசின் மட்டுமல்ல, மரமே கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என்கிறார்கள். மண்ணியல் நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தை ஒரு சொல்லை எழுதிவிட்டு, காகிதத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பென்ஸில் பி, எல், யு, எம், பஸ் பி, இ, ஆர். 'பிளம்பர்'.

"சின்னப் பாட்டி, இதைத்தான் டிக்டேஷன்ல தப்பா எழுதினேன். அந்த நடு 'பி'யை விட்டுட்டேன். டீச்சர் சொல்றப்போ அந்த 'பி' காதிலயே விழலை" என்றாள்.

குழந்தை சொன்னது சரி. இங்கிலீஷ்காரர்கள் அந்த எழுத்தை உச்சரிப்பதில்லை. 'பிளம்மர்' என்றுதான் சொல்லுவார்கள். பின்னே எதற்காக அந்த எழுத்து? லத்தீன் பாஷையில் காரீயத்துக்கு 'பிளம்பம்' என்று பெயர். ரோமாபுரியில் தண்ணீர்க் குழாய்களைக் காரீயத்தால் செய்தார்கள். குழாய் வேலை செய்கிறவருக்கு அதிலிருந்து பெயர் வந்தது. உச்சரிப்பில் 'பி' போய்விட்டது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது.

"நம்ம ஊர்ப் பேர்லயே அந்த 'பி' இருக்கே, இனிமே மறக்க மாட்டேன்" என்றாள் அவள். பத்துத் தடவை இம்போஸிஷன் எழுதியிருந்தாலும் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்திருக்காது.

இந்த மாதிரி எழுத்து விளையாட்டுக்கள் நமக்குப் புதியவையல்ல. தண்டியலங்காரம் என்ற பழைய அணி இலக்கண நூல், ஒரு சொல்லில் எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவதை 'எழுத்து வருத்தனம்' என்றும், குறைத்துக்கொண்டே வருவதை 'அக்கரச் சுதகம்' என்றும், ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பதைக் 'கரந்துறைச் செய்யுள்' என்றும் சொல்கிறது. சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. பெருங்காயத்தில் 'பெருங்'கை எடுத்தால் காயம். காயத்துக்கு முன் ஓர் 'ஆ' போட்டால் ஆகாயம்! ஆனால் தமிழில் 247 எழுத்து. ஒலியை அப்படியே எழுதுகிறோம். இங்கிலீஷில் 26 எழுத்துத்தான். அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கி எல்லாச் சொற்களையும் எழுதவேண்டும். அதனால் ஒரு சொல்லுக்குள் பல சொற்கள் ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

மேல் நாட்டில் இதையே பெரிய வியாபாரமாகச் செய்துவிட்டார்கள். 1913 டிசம்பர் 21-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். 1930-களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, வேலை இழந்த ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் பத்திரிகைகளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக் கணக்கெடுத்தார். அதிலிருந்து பிறந்த ஆட்டம், 1948-ல் 'ஸ்கிராபிள்' என்ற பெயர் பெற்றது. அதில் மொத்தம் 100 வில்லைகள். 'இ'க்கு மட்டும் 12. 'க்யூ'வுக்கும் 'இஸட்'டுக்கும் ஒவ்வொன்றுதான். ஆனால் மதிப்பு பத்துப் பத்து. கிடைப்பதற்கு அரிதாக இருந்தால் விலை ஏறுவது எழுத்துக்கும் உண்டு, தக்காளிக்கும் உண்டு!

நம் நாட்டிலும் 1930-களிலிருந்து பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி மோகம் பிடித்து ஆட்டியது. கட்டணம் கட்டிப் பரிசுக்குக் காத்திருந்து கைப்பணத்தை இழந்தவர்கள் பலர். கடைசியில் 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் வந்து, மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கும் போட்டிகளைத் தடை செய்தது. நம் வீட்டுப் போட்டிக்குச் சட்டத்தின் பயம் இல்லை. பரிசு கடலை உருண்டைதானே!

மூன்றாம் நாள் இந்த ஆட்டத்தின் உச்சக் கட்டம் வந்தது. "பத்து எழுத்தும் மிச்சமில்லாமல் ஒரே சொல் அமையுமா?" என்று நான் கேட்டு வைத்திருந்தேன். எனக்கே விடை தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. அவன் புத்தகத்தில் அரசியல் சட்டப் பாடம் வந்திருந்தது. "பிரியாம்பிள்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். அரசியல் சட்டத்தின் முகவுரைக்கு அதுதான் இங்கிலீஷ் பெயர். எழுதிப் பார்த்தோம். ஐயோ பாவம், அதற்கு இரண்டு 'இ' வேண்டும். நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. பையன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. ராத்திரி, பழைய அகராதி ஒன்றைத் தேடி எடுத்து அதே பக்கத்தைப் புரட்டினேன். அதன் கீழேயே 'பிரியாம்புலர்' என்று ஒரு சொல். 'முகவுரையைச் சார்ந்த' என்று பொருள். பென்ஸில் பி, ஆர், இ, ஏ, எம், பஸ் பி, யு, எல், ஏ, ஆர். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பத்துக்குப் பத்து! ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்களில் முன்னுரையாக வரும் பத்திகளுக்கு இந்தச் சொல்லைத்தான் வழங்குகிறார்கள். 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்ட நம் அரசியல் சட்டம் மக்களின் பெயரால் தொடங்குகிறதே, அந்தத் தொடக்கத்தையும் இதே சொல்லால் குறிக்கலாம். ஒரு மாவட்டத் தலைநகரின் பெயருக்குள் இது முழுசாக ஒளிந்திருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? தூங்கிக்கொண்டிருந்த என் அக்கா மகளை எழுப்பிக் காட்டினேன். எழுப்பினதற்குத் திட்டவில்லை. அவளும் உட்கார்ந்து எழுத்துக்களை ஒவ்வொன்றாக அடித்துச் சரிபார்த்தாள்.

நாலாம் நாள் நான் புறப்படுவதற்கு முன்னால் அவளுக்கு வங்கியில் ஒரு வேலை இருந்தது. புருஷன் அனுப்பிய பணம் சம்பந்தமாக ஒரு பாரம் எழுதிக் கொடுக்கவேண்டும். பாரம் இங்கிலீஷில் இருந்தது. வழக்கமாக அவள் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது எழுதித் தர மாட்டார்களா என்று நின்றுகொண்டிருப்பாளாம். எழுதித் தருகிறவர்கள் எல்லோரும் முகம் கோணாமல் தருவார்கள் என்று சொல்ல முடியுமா? "இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை.

நான் பேனாவை எடுத்தேன். அவள் கையை நீட்டி, "குடுங்க சித்தி, நானே எழுதறேன். தப்பாப் போனா வேற பாரம் வாங்கிக்கலாம்" என்றாள். பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக, தன் பெயரை எழுதினாள். தெருப் பெயரை வீட்டுப் பாஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதினாள். ஊர்ப் பெயருக்கு வந்தபோது எதையும் பார்க்கவில்லை. பத்து எழுத்தும் மளமளவென்று விழுந்தன. மூன்று நாளாக அவற்றைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவளாயிற்றே! நான் ஒன்றும் சொல்லவில்லை. பையில் கடைசியாக மிச்சமிருந்த கடலை உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். வங்கி என்றுகூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் குழந்தை இங்கிலீஷ் என்றால் முகம் சுளிக்கிறதா? அல்லது நீங்களே "எனக்கு வராது" என்று ஒதுங்கிக்கொள்கிறீர்களா? உங்கள் ஊர்ப் பெயரை வட்டமாக எழுதி நடுவில் வையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும்.

ஆரம்பித்து வைக்க இரண்டு புதிர் தருகிறேன். மதுரையை இங்கிலீஷில் எழுதி ஓர் 'ஏ'யை மட்டும் எடுத்துவிட்டால், 1898-ல் க்யூரி அம்மையாரும் அவர் கணவரும் கண்டுபிடித்த பொருள் ஒன்று அதில் இருக்கிறது. சேலத்தின் ஐந்து எழுத்தையும் இடம் மாற்றினால், மத்தியானம் ஓட்டல் வாசலில் பலகையில் எழுதி வைத்திருக்கும் சொல் வரும். இரண்டாவதற்கு விடை தெரியாவிட்டால் பாதகமில்லை. பசி எடுக்கும்போது தானே தெரிந்துவிடும்!